மூன்று பாடம், ஒரு பட்டம்: பி.பி.இ. படிக்க முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்து “நான் பி.பி.இ. படிக்கப் போறேன்” என்றால், “அது என்ன, எம்.பி.ஏ. மாதிரியா?” என்றுதான் கேட்பார்கள். தத்துவம், அரசியல், பொருளியல் மூன்றையும் சேர்த்து ஒரே இளங்கலைப் பட்டமாகப் படிப்பது என்று விளக்கினால், பெரியப்பா அடுத்த கேள்வியைக் கையிலேயே வைத்திருப்பார்: “ஏன், ஒண்ணை உருப்படியாப் படிச்சா ஆகாதா?”

பெரியப்பாவைத் தட்டிவிடாதீர்கள். சேர்க்கை நேர்காணலில் பேராசிரியர் சுற்றிவளைத்துத் தெரிந்துகொள்ளப் பார்ப்பதும் அதைத்தான். அவருக்குச் சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருந்தால் விண்ணப்பத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி. பெரும்பாலும் ஆக்ஸ்ஃபோர்டை வைத்தே பேசப்போகிறேன். படிப்பு பிறந்த இடம் அது. மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் பாடத்திட்டத்தை வெட்டியும் ஒட்டியும் அமைத்துக்கொண்டார்கள்.

முதல் படி: எதில் சேரப்போகிறீர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

ஆக்ஸ்ஃபோர்டில் இந்தப் படிப்பு 1920-இல் தொடங்கியது. அதுவரை அரசுப் பணிக்கும் நாடாளுமன்றத்துக்கும் குறிவைத்த பிள்ளைகள் பலர் கிரேக்கம், லத்தீன், பண்டைய வரலாறு, தத்துவம் எல்லாம் கலந்த ‘கிரேட்ஸ்’ என்ற படிப்பைத்தான் படித்தார்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, பிளேட்டோவைக் கிரேக்கத்தில் படித்தவனுக்கு வேலையில்லாத் திண்டாட்டத்தையும் வரியையும் பற்றி என்ன தெரியும் என்ற கேள்வி வந்தது. அந்த இடத்தில் வந்ததுதான் இது. அப்போது அதற்கு ‘மாடர்ன் கிரேட்ஸ்’ என்று பெயர்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். ஹெரால்டு வில்சன், எட்வர்டு ஹீத், டேவிட் கேமரன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக் என்று ஐந்து பிரிட்டிஷ் பிரதமர்கள் இதைப் படித்தவர்கள். பெனசீர் பூட்டோ, இம்ரான் கான், ஆங் சான் சூ கீ, மலாலா யூசுஃப்சாய் ஆகியோரும் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது இதைத்தான். நம் நாட்டின் திட்டக் குழுவில் துணைத் தலைவராக இருந்த மான்டேக் சிங் அலுவாலியாவும் அப்படியே.

இந்தப் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். 2022 கோடையில் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது டிரஸ் வரியை உடனே குறைக்க வேண்டும் என்றார். சுனக் முதலில் பணவீக்கம் அடங்கட்டும் என்றார். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே படிப்பைப் படித்த இருவர். டிரஸ் ஜெயித்தார், வரியைக் குறைத்தார், கடன் சந்தை கலங்கியது, 49 நாளில் பதவி போனது, சுனக் வந்து உட்கார்ந்தார். பட்டம் யாருக்கும் சரியான விடையைக் கையில் கொடுத்து அனுப்புவதில்லை.

அப்படியானால் என்ன கொடுக்கிறது? ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க முதியவர்களுக்கு அரசு 200 அல்லது 300 பவுண்டு தரும். 1997-இல் வந்த திட்டம். பணக்காரர், ஏழை என்று பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்தார்கள். 2024 ஜூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் (இவரும் பி.பி.இ.தான்), மிகக் குறைந்த வருமானத்துக்கான உதவிகளைப் பெறுபவர்களுக்கு மட்டும் என்று இதைச் சுருக்கினார். ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குப் பணம் நின்றது.

பொருளியல் படிப்பவர் முதலில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுவார். உடனே ஒரு முள் தட்டும். அந்தக் குறைந்த வருமான உதவிக்குத் தகுதி உள்ள முதியவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் விண்ணப்பமே போடுவதில்லை. ஆக, ‘தகுதியானவர்களுக்கு மட்டும்’ என்று சொன்னாலும் தகுதியானவர்களிலேயே ஒரு பெரிய கூட்டம் வெளியே நிற்கும். வருமானம் எல்லைக்கோட்டை ஒரு பவுண்டு தாண்டினாலும் மொத்தப் பணமும் போய்விடும் என்பது இன்னொரு சிக்கல்.

தத்துவம் வேறு இடத்தில் கை வைக்கும். ‘நான் ஏழை’ என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வது ஒருவரின் மானத்தைத் தொடுகிறதா? பணக்காரக் கிழவருக்கும் கொடுப்பது அநியாயமா, இல்லை, எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுப்பதில்தான் சமத்துவம் இருக்கிறதா?

அரசியல் படிப்பவர், தவறாமல் வாக்குச்சாவடிக்குப் போகிறவர்கள் யார் என்று பார்ப்பார். முதியவர்கள்தான். 2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் ஆளுங்கட்சி அடி வாங்கியது. ஜூன் மாதம் அரசு பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ளவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மகளிர் உரிமைத் தொகையில் ‘தகுதியுள்ள குடும்பத் தலைவி’ யார் என்று நம் ஊர் டீக்கடையில் நடந்த வாக்குவாதத்தைக் கேட்டவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

இந்த மூன்று பார்வையும் ஒன்றையொன்று இடறுகிற இடம்தான் பி.பி.இ. அந்த இடத்தை வகுப்பில் யாரும் தனியாகச் சொல்லித்தர மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மூன்று துறைகள், மூன்று தனித்தனி ஆசிரியர்கள், தனித்தனித் தேர்வுகள். முடிச்சுப் போடுவது உங்கள் வேலை.

இரண்டாம் படி: உங்களுக்கு ஒத்துவருமா?

இதற்கு மூன்று சோதனைகள். வெளி ஆள் வேண்டாம், வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

கணக்கு. இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கணக்கைத் தாண்டி ஓடிவர ஒரு வழி என்று நினைத்து இதைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலாண்டுப் பொருளியலிலேயே வகையீடு வரும். கையில் இருக்கும் பணத்துக்குள் அதிகப் பயன் பெறுவது எப்படி என்ற கேள்வியைச் சமன்பாடாக எழுதித் தீர்க்கச் சொல்வார்கள். தத்துவத்திலும் தப்பிக்க முடியாது. தர்க்கவியல் தாள் பார்ப்பதற்கு இயற்கணிதம் மாதிரியே இருக்கும், குறியீடும் அட்டவணையும் நிரூபணமுமாக. பிளஸ் டூ கணக்கு உங்களுக்குக் கசக்கவில்லை என்றால் பயமில்லை. கசந்தால், அரசியலையும் தத்துவத்தையும் மட்டும் சேர்த்துப் படிக்கும் பட்டங்கள் இருக்கின்றன; அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வாசிப்பு. ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய ‘ஆன் லிபர்ட்டி’ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1859-இல் வந்த புத்தகம், நீள நீளமான வாக்கியங்கள். இரண்டாவது அத்தியாயத்தைப் படித்துவிட்டு, அதில் உங்களுக்கு ஒப்புதல் இல்லாத ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள். ஏன் ஒப்பவில்லை என்று அரைப் பக்கம் எழுதுங்கள். எழுதும்போது சுவாரசியமாக இருந்ததா, பல் பிடுங்குகிற மாதிரி இருந்ததா என்பதை நீங்களே கவனித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது சோதனை, உங்கள் கருத்தை மாற்றிக்கொண்ட அனுபவம். கடந்த ஓராண்டில் ஏதாவது ஒரு பொது விஷயத்தில் நீங்கள் நினைத்திருந்தது தப்பு என்று பட்டதுண்டா? ஒன்றுகூட இல்லை என்றால் டிவி விவாத மேடை உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். இந்தப் படிப்பு கஷ்டம்தான்.

மூன்றாம் படி: எங்கே படிப்பது?

ஆக்ஸ்ஃபோர்டில் மூன்றாண்டுப் படிப்பு. ஆண்டுக்கு ஏறத்தாழ 250 பேரை எடுக்கிறார்கள். விண்ணப்பிப்பவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் இடம். கேம்பிரிட்ஜில் பி.பி.இ. கிடையாது, அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இது நான்காண்டுப் படிப்பு, கணக்கு கட்டாயம், பொருளியலின் பக்கம் சாய்வு அதிகம். வார்விக், யார்க், டரம், கிங்ஸ் காலேஜ் லண்டன் ஆகியவற்றிலும் நல்ல பாடத்திட்டங்கள் உள்ளன. இங்கிலாந்திலேயே வேலை பார்த்துக்கொண்டு படிக்க நினைக்கும் நம்மவர்களுக்கு ஓப்பன் யுனிவர்சிட்டியில் தொலைவழியாகவும் இந்தப் பட்டம் இருக்கிறது.

பக்கத்தில் வேண்டும் என்றால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பி.பி.இ. ஒரு மேஜர், அதாவது முதன்மைப் பாடம்; யேலில் கிட்டத்தட்ட இதே படிப்புக்கு ‘அறம், அரசியல், பொருளியல்’ என்று பெயர். இந்தியாவில் ஹரியானாவின் சோனிபட்டில் இருக்கும் அசோகா பல்கலைக்கழகத்தில் மூன்றையும் சேர்த்து ஒரே மேஜராக எடுக்கலாம்.

ஒரு பல்கலைக்கழகத்தைப் பார்க்கும்போது தரவரிசையை மூடி வைத்துவிட்டு இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்தை விட்டுவிடலாமா, இல்லை மூன்றையும் கடைசிவரை சுமக்க வேண்டுமா? பொருளியலில் எகனாமெட்ரிக்ஸ், அதாவது புள்ளிவிவரங்களை வைத்துப் பொருளாதாரக் கூற்றுகளைச் சோதிக்கும் தாள், பி.பி.இ. மாணவர்களுக்கும் திறந்திருக்கிறதா? இரண்டாவது கேள்வி எவ்வளவு முக்கியம் என்பது கடைசியில் தெரியும்.

நான்காம் படி: பள்ளியில் என்ன எடுக்க வேண்டும்?

ஆக்ஸ்ஃபோர்டு குறிப்பிட்ட பாடம் எதையும் கட்டாயம் என்று சொல்வதில்லை. கணக்கு படித்திருந்தால் நல்லது என்கிறது. அந்த ‘நல்லது’ என்ற வார்த்தையைக் ‘கட்டாயம்’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஏ லெவலில் (பிரிட்டனின் பிளஸ் டூ மாதிரி) மூன்று ‘ஏ’, ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) படிப்பவர்களுக்கு 45-க்கு மொத்தம் 39 என்பது கேட்கப்படும் அளவு. தத்துவமும் பொருளியலும் பள்ளியில் படித்திருக்க வேண்டியதில்லை. இயற்பியல், வேதியியல், கணக்கு எடுத்த பிள்ளையும் தாராளமாக விண்ணப்பிக்கலாம். வரலாறு எடுத்தவருக்குக் கட்டுரை எழுதும் கை பழகியிருக்கும், அது ஒரு லாபம்.

இந்தியாவில் பிளஸ் டூ படிப்பவர்கள், தங்கள் வாரியத்தின் சான்றிதழை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுத் தகுதிப் பக்கத்தில் பதினொன்றாம் வகுப்பிலேயே பார்த்துவிட வேண்டும். எல்லா வாரியத்தையும் எல்லோரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபரில் பார்த்தால் மாற்று ஏற்பாட்டுக்கு நேரம் இருக்காது.

ஐந்தாம் படி: விண்ணப்பம்

பிரிட்டனுக்கு எல்லாமே யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தின் வழிதான். ஒரே விண்ணப்பம், அதிகபட்சம் ஐந்து படிப்புகள். ஆக்ஸ்ஃபோர்டு பட்டியலில் இருந்தால் கடைசி நாள் அக்டோபர் 15, பிரிட்டன் நேரம் மாலை 6 மணி. மற்றவற்றுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு, ஆனால் ஒரே விண்ணப்பம் என்பதால் ஆக்ஸ்ஃபோர்டின் தேதிதான் உங்கள் தேதி. ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் அதே தேதிக்குள் ஏற வேண்டும். அக்டோபரில் ஆயுத பூஜை விடுமுறை வரும், காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்தம் வரும். ஆசிரியரிடம் ஆகஸ்டிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் முப்பதுக்கு மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. எந்தக் கல்லூரி என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். பெயர் குறிப்பிடாமல் பொதுவாகவும் விண்ணப்பிக்கலாம். குறிப்பிட்டாலும் வேறு கல்லூரிக்கு மாற்றி அனுப்பப்படலாம்.

அடுத்தது பர்சனல் ஸ்டேட்மென்ட், உங்களைப் பற்றி நீங்களே எழுதித் தருவது. முன்பு ஒரே கட்டுரையாக எழுதினோம். 2026 சேர்க்கையில் இருந்து மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: ஏன் இந்தப் படிப்பு, உங்கள் படிப்பு இதற்கு எப்படித் தயார்ப்படுத்தியது, வெளியே வேறு என்ன செய்தீர்கள். மொத்தம் 4,000 எழுத்துகள், இடைவெளியும் கணக்கு.

தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் எழுதியவற்றை அவ்வப்போது படித்துப் பார்ப்பேன். பத்தில் ஏழு “சிறு வயதிலிருந்தே எனக்கு அரசியலில் தீராத ஆர்வம்” என்றுதான் தொடங்கும். நல்லவேளை, யாரும் கருவிலேயே என்று எழுதுவதில்லை. அடுத்த பத்தியில் ஐந்தாறு புத்தகப் பெயர்கள் வரிசையாக நிற்கும், கல்யாணப் பத்திரிகையில் உறவினர் பெயர் போடுகிற மாதிரி. ஒரு புத்தகத்தைப் பற்றி நாலு வரி உருப்படியாக எழுதியிருந்தால் அந்த ஆறையும் விட அது மேல்.

ஒருமுறை ஒரு பெண் தன் ஊர் ரேஷன் கடையைப் பற்றி எழுதியிருந்தாள். அரிசி வாங்காத அட்டைதாரர்கள் ஏன் அட்டையை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று நாலைந்து வீட்டில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். அரிசிக்காக வைத்திருப்பதாக யாரும் சொல்லவில்லை. அட்டை அவர்களுக்கு ஒரு முகவரி, ஒரு அடையாளம். விலையை வைத்து மட்டும் ஆட்களின் நடத்தையை விளக்க முடியாது என்று அங்கிருந்து பொருளியலுக்குப் போயிருந்தாள். பெரியப்பா கேட்ட கேள்விக்கு அதில் பதில் இருந்தது, ‘ஆர்வம்’ என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

ஆறாம் படி: நுழைவுத் தேர்வு

ஆக்ஸ்ஃபோர்டு பி.பி.இ.க்குப் பல ஆண்டுகளாக டி.எஸ்.ஏ. என்ற சிந்தனைத் திறன் தேர்வு இருந்துவந்தது: 90 நிமிடத்தில் 50 கேள்விகள். தேர்வின் பெயரும் நடத்தும் நிறுவனமும் மாறிக்கொண்டே வருவதால், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு எது என்பதைப் படிப்பின் இணையப் பக்கத்தில் பார்த்துப் பதிவு செய்யுங்கள். பதிவுக்குத் தனிக் கடைசி நாள் உண்டு, யூகாஸில் விண்ணப்பித்தால் இது தானாக நடக்காது. பெயர் எதுவானாலும் முக்கியமாகச் சோதிக்கப்படுவது இது: ஒரு வாதத்தில் ‘ஆகவே’ என்ற சொல் பாரம் தாங்குகிறதா என்று பார்க்கத் தெரிகிறதா?

இந்த மாதிரி இருக்கும். “இந்த நகரில் காவலர்களைக் கூட்டிய பிறகு பதிவான திருட்டு வழக்குகள் அதிகமாகிவிட்டன. ஆகவே காவலர்களைக் கூட்டியதால் பலன் இல்லை.” ஓட்டை எங்கே? பதிவானவை கூடியதால் திருட்டே கூடியதாக அர்த்தம் இல்லை. பக்கத்திலேயே காவலர் இருந்தால், முன்பு புகார் கொடுக்காமல் விட்டவர்களும் இப்போது வந்து கொடுப்பார்கள். காவலர்கள் வராமல் இருந்திருந்தால் திருட்டு இன்னும் ஏறியிருக்குமா என்பதும் தெரியவில்லை. ஐந்து விடைகளில் இதைத் தொடுவது ஒன்று இருக்கும். மற்ற நாலும் உண்மையாகவே இருக்கும், ஆனால் இந்த வாதத்துக்குச் சம்பந்தம் இருக்காது. ‘உண்மையான, ஆனால் சம்பந்தமில்லாத’ விடையைக் குறிப்பதுதான் இங்கே வழக்கமான தவறு.

கோச்சிங் வேண்டுமா என்று கேட்கிறார்கள். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாரத்துக்கு ஒன்று என்று கடிகாரம் வைத்துப் பத்து வாரம் போட்டு, தப்பான ஒவ்வொன்றுக்கும் ஏன் தப்பு என்று எழுதி வைத்தால் போதும். காசு மிச்சம்.

ஏழாம் படி: நேர்காணல்

தேர்வானவர்களுக்கு டிசம்பரில் இணையவழி நேர்காணல். கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசிரியர்களே பேசுவார்கள். உங்கள் லட்சியம், தலைமைப் பண்பு எல்லாம் பெரிதாக வராது. ஒரு புதிரைப் போட்டுவிட்டு, நீங்கள் அதோடு மல்லுக்கட்டுவதைப் பார்ப்பார்கள்.

நானே ஒன்று போடுகிறேன். மூன்று நண்பர்கள், ஒரு மதியச் சாப்பாடு. முதலாமவருக்குப் பிரியாணி, அது இல்லாவிட்டால் தோசை, கடைசியாகப் பரோட்டா. இரண்டாமவருக்குத் தோசை, பரோட்டா, பிரியாணி என்ற வரிசை. மூன்றாமவருக்குப் பரோட்டா, பிரியாணி, தோசை. இரண்டிரண்டாக வைத்து ஓட்டெடுப்போம். பிரியாணியா தோசையா? பிரியாணிக்கு இரண்டு ஓட்டு. தோசையா பரோட்டாவா? தோசைக்கு இரண்டு. சரி, பிரியாணிதான் முதலிடம் என்று கிளம்பினால், பரோட்டாவா பிரியாணியா என்பதையும் கேட்டுப் பாருங்கள். பரோட்டாவுக்கு இரண்டு! சுற்றிச் சுற்றி வருகிறது. ஒவ்வொருவரும் தெளிவாக இருக்கிறார்கள், மூவரும் சேர்ந்தால் குழப்பம்.

பிரெஞ்சுக்காரர் கொண்டோர்சே 1785-இலேயே கண்ட புதிர் இது. 1951-இல் கென்னத் ஆரோ இதை இன்னும் பொதுவாக்கினார். மூன்றோ அதற்கு மேலோ தேர்வுகள் இருந்தால், நியாயமானவை என்று நாம் ஒப்புக்கொள்ளும் சில நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்றி, தனிப்பட்டவர்களின் விருப்ப வரிசைகளைச் சமூகத்தின் வரிசையாகச் சேர்க்கும் விதி எதுவும் கிடையாது என்று நிரூபித்தார். அமர்த்திய சென்னின் புகழ்பெற்ற வேலைகளில் ஒரு பகுதி இங்கிருந்து கிளம்பியதே. அவரும் 1980-களில் ஆக்ஸ்ஃபோர்டில் பொருளியல் பேராசிரியராக இருந்தவர். ‘மக்கள் விருப்பம்’ என்ற ஒன்று இருக்கிறதா என்பது தத்துவம். ஓட்டெடுப்பின் வரிசையை முடிவு செய்கிற ஆள் முடிவையே முடிவு செய்கிறார் என்பது அரசியல். நிரூபித்தவர் பொருளியலாளர், 1972-இல் நோபல் பரிசு பெற்றவர். “ஒண்ணை மட்டும் படிச்சா ஆகாதா?” என்று பெரியப்பா மறுபடி கேட்டால் அவருக்கு இந்தச் சாப்பாட்டுக் கணக்கைப் போட்டுக் காட்டலாம்.

நேர்காணலில் இது வந்தால் விடையைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. “ஒரு நிமிஷம், யோசிக்கிறேன்” என்று சொல்லலாம். “நான் முதலில் சொன்னது தப்பு, ஏனென்றால்...” என்றும் சொல்லலாம், இது மிக நல்லது. மனப்பாடம் செய்த பேச்சை எடுத்துவிடுவதுதான் ஆபத்து. இரண்டாவது துணைக் கேள்வியில் அது உடைந்துவிடும். முடிவு ஜனவரியில் வரும்.

எட்டாம் படி: பணம்

இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. வெளிநாட்டு மாணவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு பி.பி.இ.யின் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 40,000 பவுண்டை ஒட்டியோ தாண்டியோ வரும். நம் கணக்கில் நாற்பது லட்சத்துக்கு மேல், அதற்கப்புறம்தான் தங்குமிடமும் சாப்பாடும் விசாவும். மற்ற பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. இளங்கலைக்கு உதவித்தொகை அரிது. ஆக்ஸ்ஃபோர்டில் ‘ரீச் ஆக்ஸ்ஃபோர்டு’ என்று வளரும் நாட்டு மாணவர்களுக்கு ஒன்று உண்டு, விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கொடுக்கிறார்கள்.

லண்டனிலேயே வளர்ந்து, உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதி உள்ள நம் பிள்ளைகளுக்குக் கதை வேறு. 2025-26-இல் ஆண்டுக்கு 9,535 பவுண்டு, அதற்கும் அரசுக் கடன் உண்டு. அவர்கள் பணத்தைக் காரணம் காட்டி விண்ணப்பிக்காமல் இருந்தால் எனக்கு வருத்தம்தான்.

வீட்டை அடமானம் வைத்து இந்தப் பட்டத்துக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டால், வேண்டாம் என்பேன். இளங்கலையை இங்கே பொருளியலில் முடித்துவிட்டு முதுகலைக்குப் போனால் உதவித்தொகைக் கதவுகள் அதிகம். அலுவாலியாவே டெல்லியில் பட்டம் முடித்துவிட்டு ரோட்ஸ் உதவித்தொகையில் போனவர்தான். இங்கே இருந்தபடி தத்துவத்தையும் அரசியலையும் நீங்களாகச் சேர்த்துக்கொள்ள ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியமும், ‘கோர் எகான்’ பொருளியல் பாடநூலும் இணையத்தில் இலவசம்.

ஒன்பதாம் படி: முதலாண்டு

எட்டு வாரப் பருவங்கள் மூன்று. கேட்க விடுமுறை அதிகம் போலத் தோன்றும், எட்டு வாரத்தில் மூச்சு முட்டும். விரிவுரைக்குப் போகாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். டியூட்டோரியலுக்கு, அதாவது ஆசிரியரோடு உட்கார்ந்து உங்கள் கட்டுரையை அலசும் வகுப்புக்கு, போகாவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும், ஏனென்றால் அங்கே நீங்களும் இன்னும் ஓரிருவரும்தான்.

ஒரு வாரத்தைச் சொல்கிறேன். தத்துவத்தில் தலைப்பு மில்லின் பயன்வாதம், அதாவது அதிக இன்பம் தருவதே சரியான செயல் என்ற கொள்கை. இன்பங்களில் மேலானது, தாழ்ந்தது என்று மில் பிரிக்கிறாரே, அது அவருடைய கொள்கையோடு ஒத்துப்போகுமா என்பது கேள்வி. படிக்க வேண்டியவை ஏழெட்டுக் கட்டுரைகள். எல்லாவற்றையும் முதல் வரியில் இருந்து படித்தால் வியாழக்கிழமைக்குள் முடியாது. மூலத்தை இரண்டு முறை, முக்கியமான மறுப்பு ஒன்றை ஒரு முறை கவனமாக, மற்றவற்றின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும். 2,000 சொல்லில் கட்டுரை. இன்பம் ஒன்றே அளவுகோல் என்றால் மேல், கீழ் என்று பிரிக்க இன்னொரு அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள், பெருமையாகவும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் உங்கள் தாளில் ஒரு இடத்தில் விரல் வைப்பார். “இங்கே ‘ஆகவே’ போட்டிருக்கிறீர்கள். எதில் இருந்து ஆகவே?” நீங்கள் மேல் வரியைப் பார்ப்பீர்கள், அதற்கும் மேல் வரியைப் பார்ப்பீர்கள். அங்கே ஒன்றும் இருக்காது. அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் அத்தனை பவுண்டும்.

அதே வாரம் பொருளியலில் கணக்குத் தாளும், தத்துவத்தில் தர்க்கவியல் பயிற்சியும் காத்திருக்கும். கட்டுரைக்கு மூன்று இரவு கொடுத்துவிட்டுக் கணக்கை ஞாயிறு ராத்திரிக்குத் தள்ளுவதுதான் எல்லோரும் விழும் பள்ளம். காலையில் கணக்கு, மதியத்துக்கு மேல் வாசிப்பு என்று முதல் வாரத்திலேயே பிரித்துவிடுங்கள்.

ஆண்டு முடிவில் பிரிலிம்ஸ் என்ற முதலாண்டுத் தேர்வு. மூன்று பாடத்திலும் தேற வேண்டும், ஆனால் அந்த மதிப்பெண் இறுதிப் பட்டத்தின் வகுப்பில் சேராது. ஆகவே முதலாண்டில் தைரியமாகத் தப்பு செய்யலாம். இந்த ‘ஆகவே’க்கு நான் பொறுப்பு.

பத்தாம் படி: எதை விடுவது?

இரண்டாம் ஆண்டில் மூன்றையும் தொடரலாம், ஒன்றை விடவும் செய்யலாம். நிறையப் பேர் ஒன்றை விடுகிறார்கள். முதலாண்டில் மதிப்பெண் குறைந்த பாடத்தை விடுவது வழக்கம். நான் அதற்கு எதிர்ப்பு. வெளியே போய் நீங்களாகவே கற்றுக்கொள்ள முடிகிற பாடம் எதுவோ அதை விடுங்கள். நல்ல செய்தித்தாளும் நல்ல புத்தகங்களும் இருந்தால் அரசியலில் ஒரு பகுதியைத் தானாகப் படிக்கலாம். எகனாமெட்ரிக்ஸை வேலைக்குப் போன பிறகு ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து கற்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

முதுகலைப் பொருளியலுக்குப் போகிற எண்ணம் துளி இருந்தாலும் நுண்பொருளியல், பேரினப் பொருளியல், எகனாமெட்ரிக்ஸ் மூன்றையும் எடுத்துவிடுங்கள். மூன்றாம் படியில் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னது இதற்குத்தான். பெரும்பாலான முதுகலைச் சேர்க்கைக் குழுக்கள் பட்டத்தின் பெயரைத் தாண்டி இந்தத் தாள்களைத் தேடும், இல்லை என்றால் விண்ணப்பம் ஓரமாகப் போய்விடும்.

பதினொன்றாம் படி: முடித்த பிறகு

அரசுப் பணி, ஆலோசனை நிறுவனங்கள், வங்கிகள், பத்திரிகை, கொள்கை ஆய்வு மையங்கள், வேறு பட்டம் முடித்தவர்கள் சட்டத்துறைக்கு மாறப் படிக்கும் படிப்பு. பிரிட்டனில் இந்தப் பட்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் சொல்ல வேண்டும். பல விண்ணப்பப் படிவங்களில் ‘இளங்கலைப் பாடம்’ என்ற இடத்தில் ஒரே பாடத்துக்குத்தான் கட்டம் இருக்கும். 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் பட்டங்களை ஒன்றுக்கொன்று ஏற்க ஒப்பந்தம் போட்டதால் மூன்றாண்டுப் பட்டம் என்று தயங்க வேண்டியதில்லை. குடிமைப் பணித் தேர்வுக்குப் பட்டம் இருந்தால் போதும். ஆனால் ‘பொருளியல் பட்டதாரி மட்டும்’ என்று கேட்கும் இடங்களில், எத்தனை தாள் பொருளியல் என்று ஒருவர் உட்கார்ந்து எண்ணுவார். ஊருக்குத் திரும்பும் முன் தாள்வாரியான மதிப்பெண் பட்டியலை முத்திரையோடு நாலு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே வந்தபிறகு மின்னஞ்சல் போட்டு வரவழைப்பது பெரிய அலைச்சல்.